சட்டைப்பையில் பீஸ் கட்டை

நகராதீங்க தம்பி, ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும். நான் திண்டிவனம் வரைக்கும்தான். எனக்குத் திண்டிவனத்துல ஒரு வேலையும் கிடையாது. உங்ககிட்டப் பேசுறதுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். அங்க எறங்கி, எதுத்தாப்ல வர்ற பண்ருட்டி வண்டியைப் பிடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பேன்.

அப்படிப் பார்க்காதீங்க. சீட்டுக் கம்பெனி ஆளும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல. முந்திரி புரோக்கர் வையாபுரி இருக்காரில்ல, உங்க ஆளு, அவர்தான் சொன்னாரு. 'பழமலை சார், முந்திரிக்கொட்டை தரம் பார்க்க ஒரு தம்பி ஆப்பிரிக்காவுல போர்ட் கலாண்டா போறாரு, மொத தடவை, இன்னிக்குக் காலையில மெட்ராஸ் வண்டி ஏறுறாரு'ன்னு. நீலப் பை, மூக்குல தழும்புன்னு அடையாளங்கூடச் சொன்னாரு. கல்யாணம் நிச்சயமாகி நின்னு போனதையும் சொன்னாரு. நல்ல மனுஷன், எதையும் மறைக்கத் தெரியாது.

உங்களைப் பார்த்ததும் எனக்குப் பிடிச்சிருச்சு. நீங்க கொட்டையை ரெண்டா வெட்டிப் பார்த்துத் தரம் சொல்வீங்க. எனக்கு வெட்டக்கூட வேணாம், முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். நம்பலாம்னு பட்டா நம்பிருவேன். இதுவரைக்கும் தப்புனதில்லை.

விஷயம் என்னன்னா, எம் பொண்ணு அந்த ஊருக்கு அடிக்கடி வருவா. மணிமொழி. ஏர் ஹோஸ்டஸ். அப்படிச் சொன்னா அவளுக்குக் கோவம் வரும், 'கேபின் க்ரூ'ன்னு சொல்லணும். வளைகுடாவுல ஒரு பெரிய விமானக் கம்பெனி. பேரைச் சொல்லக் கூடாது தம்பி, ரகசியம். விமானத்து வால்ல ஊதா கலர்ல ஒரு ஈச்சமரம் போட்டிருக்கும். அதுக்கு மேல கேக்காதீங்க.

அவங்க விமானம் விடியக்காலம் போர்ட் கலாண்டாவுல எறங்கும். இவங்களை வேன்ல கூட்டிட்டுப் போயி ஓட்டல்ல விட்டுருவாங்க. அன்னிக்குப் பகல் தூக்கம், ராத்திரி தங்கல், மறுநாள் காலையில திரும்பவும் விமானம். லேஓவர்னு பேரு. கேக்க சொகுசா இருக்கும். ஆனா ஊர் அப்படி. அந்த ஊர் சனங்களைக் குத்தம் சொல்லல தம்பி, எல்லா ஊர்லயும் நாலு பேர் இருக்கான். அங்க அந்த நாலு பேரு விமானக்காரங்களைக் குறி வைக்கிறான். கையில வெளிநாட்டுக் காசு இருக்கும், ஊர் தெரியாது, போலீசு கேசுன்னு அலைய நேரமும் கிடையாது, மறுநாளே பறந்துருவாங்க. வேற கம்பெனி பைலட் ரெண்டு பேரு பீச்சுக்கு நடந்து போனவங்க, ஷூகூட இல்லாம திரும்பி வந்தாங்களாம்.

அதனால கம்பெனியில ஏகப்பட்ட கட்டுப்பாடு. யூனிஃபார்மோட வெளிய போகக் கூடாது. தனியா போகவே கூடாது. வேன் ஒரு நாள் போன ரோட்டுல மறுநாள் போகாது. ஓட்டல் பேரை வெளிய சொல்லக் கூடாது, ரூம் நம்பரைச் சொல்லக் கூடாது. ரூமுக்குள்ள போறதுகூட ஒரு முறை இருக்கு. ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்க. ஒருத்தி வாசக்கதவுல பெட்டியை முட்டுக் குடுத்து நிப்பா, இன்னொருத்தி உள்ள போயி பாத்ரூம், பீரோ, திரைக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில எல்லாம் பார்த்துட்டு 'சரி'ம்பா. அப்புறம் அடுத்த ரூம், இவ நிப்பா, அவ பார்ப்பா. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வேலைன்னா அப்படித்தான் இருக்கணும்.

நான் மின்வாரியத்துல இருந்தவன். லைன்மேனா சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனேன். இத்தனை வருஷத்துல என் கேங்குல ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சதில்லை. ஏன்னு கேளுங்க. போஸ்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற பீஸ் கட்டையைப் புடுங்கி என் சட்டைப்பையில போட்டுக்குவேன். வெள்ளையா பீங்கான்ல இருக்குமே, அதான். அது எம் பையில இருக்கிற வரைக்கும் எவனும் கரண்டு போட முடியாது. 'பாரமா இருக்கே, கீழ நிக்கிற ஆள்கிட்டக் குடுத்துட்டு ஏறேன்யா'ம்பாங்க. குடுக்க மாட்டேன். கீழ நிக்கிறவன் நல்லவன்தான் தம்பி. ஆனா டீ குடிக்கப் போவான். அங்க ஒருத்தன், 'அண்ணே, மாவு மில்லுல கூட்டம் நிக்குது, எப்ப வரும்'பான். இவன் மனசு எளகிப் போட்டு விட்டுருவான். கெட்ட எண்ணத்துல இல்ல, நல்ல எண்ணத்துலதான். மேல இருக்கிறவன் போய்ச் சேந்துருவான்.

கண்டக்டர் தம்பி, ரெண்டு டிக்கெட்டும் எடுத்தாச்சுப்பா. இவரு மெட்ராஸ். அங்கேர்ந்து ஆப்பிரிக்கா. எம் பொண்ணு தங்குற ஊருக்குத்தான் போறாரு. ஆமா, ஏர் ஹோஸ்டஸ்தான். போன வாரம் சொன்னேனே, அதே பொண்ணுதான்.

தங்கமான பையன். எப்ப ஏறுனாலும் அவளை விசாரிப்பான்.

எங்க விட்டேன். ரகசியம். மணி மொத தடவை போர்ட் கலாண்டா போயிட்டு வந்ததும் எல்லாத்தையும் எனக்குச் சொன்னா. எந்த ஓட்டல், எந்த மாடி, வேன் எத்தனை மணிக்கு வரும், எல்லாம். 'அப்பா, இது உங்களுக்கு மட்டும், ஒரு அவசரம்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமேன்னு சொல்றேன்'னா. நான் எம் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல. சாயங்காலம் வாக்கிங் போறப்ப, கூட நடக்கிறவங்ககிட்டச் சொன்னேன். அவங்க எல்லாம் ரிட்டயர்டு ஆளுங்க, பெரிய மனுஷங்க. எங்களுக்கு வாட்சப்புல ஒரு குரூப் இருக்கு. காலையில எல்லாரும் பூ படம் போடுவான், பொன்மொழி போடுவான். நான் மட்டும் 'மகள் இன்று போர்ட் கலாண்டா, நாளை காலை திரும்புகிறாள், அனைவரும் வேண்டிக்கொள்ளவும்'னு போடுவேன். நாப்பது பேரு கையெடுத்துக் கும்பிடுவான். அது ஒரு பலம்தானே.

ஆனா வேண்டிக்கிட்டா மட்டும் போதுமா. கையால ஏதாவது செய்யணுமில்ல. ராத்திரி கதவுக்கு அடியில செருகிக்கச் சொல்லி கம்பெனியில ஒரு ரப்பர் ஆப்பு குடுத்திருக்கான். அது வழுக்குதுன்னா. தரையில என்ன போட்டிருக்கு, டைல்ஸா கார்ப்பெட்டானு கேட்டேன். கார்ப்பெட்டுன்னா. நம்ம ஊர்ல பலாவுக்கா பஞ்சம். தானே புயல்ல சாஞ்ச எங்க கொல்லைப் பலா, அடிமரத்தை அறுத்துப் போட்டு வச்சிருந்தேன். அதுல ஒரு துண்டை எடுத்து, ஒரு பக்கம் சரிவாச் சீவி, அடியில சைக்கிள் ட்யூபை ஒட்டி, எங்க வீட்டுப் பூஜை ரூம் கதவுல வச்சுப் பார்த்தேன். நானும் எம் மச்சானும் சேர்ந்து தள்ளுனோம், அசையல. உள்ள மாட்டிக்கிட்ட தையல்நாயகிதான், அதான் எம் பொண்டாட்டி, காலால தட்டித் தட்டி எடுத்துட்டு வெளிய வந்து ரெண்டு பேரையும் திட்டுனா.

அந்த ஆப்பைப் பார்த்துட்டு கூட வேலை செய்யிற பொண்ணுங்களும் கேட்டுச்சுங்களாம். பிலிப்பைன்ஸ் பொண்ணு ஒண்ணு, ரோஸ்லின்னு, மணியோட ரொம்ப சிநேகம், அவளுக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தேன். ஆப்பிரிக்காவுல பலாக்கட்டை வச்சுத் தூங்குற பிலிப்பைன்ஸ்காரி உலகத்துலயே அவ ஒருத்திதான்.

அடுத்தது சாப்பாடு. ஓட்டல் சாப்பாடு அவளுக்கு எறங்காது. அவ தங்கியிருக்கிற வளைகுடாவுக்கு நேரா அனுப்பிடலாம்தான். ஆனா அங்க எல்லாம் கிடைக்குது தம்பி. அந்த போர்ட் கலாண்டாவுலதான் ஒண்ணும் கிடைக்காது, வெளிய போயி வாங்கவும் முடியாது. பண்ருட்டியில இருந்து முந்திரிக்கொட்டை வாங்க எத்தனை பேரு அந்த ஊருக்குப் போறான். சும்மாவா போறான், நம்ம பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போகட்டுமே. வையாபுரிகிட்டச் சொல்லி வச்சேன். பருப்புப்பொடி, நார்த்தங்காய், பலா சிப்ஸ். பொட்டலத்து மேல நாலு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால பெரிய எழுத்துல எழுதிருவேன். பேரு, கம்பெனி, ஓட்டல், மாடி, ரூம், எந்த நாள் அங்க இருப்பா, என்னிக்கு எத்தனை மணிக்கு வேன் ஏறுவா. அனுப்புநர் பழமலை, தகப்பனார், பண்ருட்டி. அட்ரஸ் சரியா இல்லாமத்தானே தம்பி பொட்டலம் எல்லாம் காணாமப் போகுது.

ரூம் நம்பரு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க. எப்பவும் ஒரே மாடி, முடிஞ்ச வரைக்கும் ஒரே ரூமு. அவளே கேட்டு வாங்குவா. ஜன்னலைத் திறந்தா ஒரு முந்திரி மரம் தெரியுமாம்.

தை மாசம் காடாம்புலியூர் தனகோபால் போனாரு. பெரிய வியாபாரி, நேரமில்ல, பொட்டலத்தைக் கொட்டை குடோன்ல குடுத்துட்டாரு. குடோன்காரன் லாரிக்காரன்கிட்டக் குடுத்தான், லாரிக்காரன் யார்கிட்டயோ குடுத்தான், எப்படியோ ஓட்டலுக்குப் போயிச் சேந்துருச்சு. பார்த்தீங்களா, அட்ரஸ் சரியா இருந்தா உலகத்துல எங்கயும் போயிச் சேரும். மணி போன் பண்ணி, 'அப்பா, பொடி கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம், ஆனா இனிமே அனுப்பாதீங்கப்பா'ன்னா. நமக்கு எதுக்குச் சிரமம்னு நினைக்கிறா. அந்த மனசுக்காகவே அடுத்த பொட்டலம் கொஞ்சம் பெருசாக் கட்டுனேன்.

விழுப்புரம் வந்துருச்சு. பத்து நிமிஷம் நிப்பான். வேர்க்கடலை வாங்கிக்கிறீங்களா. வேணாமா. முந்திரிக்காரருக்கு வேர்க்கடலை எளப்பம்தான்.

இப்ப சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம். முன் சீட்டு அம்மாவும் கேக்குறாங்க போல, கேளுங்கம்மா, பொண்ணைப் பெத்தவங்க கேக்க வேண்டியதுதான்.

மாசி மாசம் நடந்தது. பகல்ல. விமானம் விடியக்காலம் எறங்கி, மணி ரூம்ல தூங்கிட்டு இருக்கா. சாயங்காலம் நாலு மணி இருக்கும். கதவைத் தட்டுறான். 'யாரு'ன்னு கேட்டிருக்கா. 'மிஸ் மணி, பார்சல். உங்க அப்பா பழமலை அனுப்பியிருக்காரு, இந்தியாவுல இருந்து'ன்னு இங்கிலீஷ்ல சொல்றான். எம் பேரைச் சொல்றான் தம்பி. பண்ருட்டின்னுகூடச் சொன்னானாம்.

இவ யாரு, எம் பொண்ணு. அப்பா பொட்டலம்னா சின்ன வயசுல ரோடு வரைக்கும் ஓடி வருவா. தூக்கக் கலக்கம் வேற. சங்கிலியை எடுத்துட்டா. பூட்டையும் திறந்துட்டா. கீழ ஆப்பை எடுக்கணும், குனியிறா. அவளுக்கு முன்னாடி அவன் தள்ளிட்டான். ரெண்டு பேரு. கதவு ஒரு விரக்கடை திறந்து அங்கயே நின்னுருச்சு. பலாக்கட்டை தம்பி. கார்ப்பெட்டைக் கவ்விப் புடிச்சிக்கிச்சு. இவ உள்ள இருந்து ரெண்டு கையாலயும் தள்ளிக்கிட்டே கத்துறா. எதிர் ரூம்ல ரோஸ்லின் முழிச்சிக்கிட்டு விசில் ஊதுனா. எல்லாருக்கும் விசில் குடுத்திருக்காங்க. காவலாளி ஓடி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் மாடிப்படி வழியா போயிட்டான். ஒரு பொருளும் போகல. மணிக்குக் கை மணிக்கட்டுல சுளுக்கு. ஆப்பு நடுவுல கீறல் விட்டுருச்சு.

இதை அவங்க அம்மாகிட்டத்தான் மொதல்ல சொன்னா. எனக்கு மறுநாள்தான் தெரியும். கேட்டுட்டு நேரா கொல்லைக்குப் போயி மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி வழிஞ்சும் நிறுத்தல. மோட்டார் சத்தத்துல நான் அழுதது தையலுக்குக் கேட்டிருக்காது. வாழ்நாள்ல நான் அப்படிப் பயந்ததில்லை. லைன்ல எத்தனையோ பார்த்தவன். உயிரோட இருக்கிற கம்பி எதுன்னு தெரிஞ்சா பயம் கிடையாது தம்பி. இது எங்கேர்ந்து வருதுன்னே தெரியலையே.

அதைத்தான் நான் கேட்டேன். எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு. ரூம் தெரியுது, பேரு தெரியுது. அப்பன் பொட்டலம் அனுப்புவான்னு தெரியுது. அப்பன் பேரு தெரியுது. இத்தனையும் ஒருத்தனுக்குத் தெரியுதுன்னா என்ன அர்த்தம். ஓட்டல்ல எவனோ வர்ற பொட்டலத்தை எல்லாம் உத்து உத்துப் படிக்கிறான்னு அர்த்தம். எவ்வளவு கேவலமான புத்தி பாருங்க, அடுத்தவங்க வீட்டுப் பொட்டலத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது.

கம்பெனியில இருந்து எனக்கு போன் வந்துச்சு. பாதுகாப்புப் பிரிவுல ஒரு அம்மா, மலையாளிங்க, தமிழ் நல்லாப் பேசுனாங்க. 'சார், உங்க மகள் தங்குற இடத்தைத் தெரியாதவங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'அம்மா, நான் சொன்னவங்க எல்லாருமே தெரிஞ்சவங்கதான். தெரியாதவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்'னேன். வாக்கிங் குரூப்பு, வையாபுரி, தனகோபால், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எங்க ஆபீஸ் பழைய ஆளுங்க, எல்லார் பேரையும் ஒளிவு மறைவில்லாம சொன்னேன். அந்தம்மா ஒவ்வொரு பேரையும் திரும்பச் சொல்லிச் சொல்லி எழுதிக்கிட்டாங்க. அப்புறம், 'உங்க ஆப்பு நல்ல ஆப்பு சார்'னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. பெருந்தன்மையான பொம்பளை.

நான் விடல. ஓட்டல்காரன் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மணி மூலமா புகார் அனுப்புனேன். அவ குடுத்தாளா என்னன்னு தெரியல. கேட்டா, 'பார்த்துக்கலாம்பா'ங்கிறா.

பங்குனியில அவ லீவுல வந்தா. கையில கட்டு. நான் கொல்லையில உக்காந்து புது ஆப்புக்குக் கட்டை அறுத்துட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தா. ரம்பத்தூளைக் கையால கூட்டிக் கூட்டிக் குவிச்சிட்டு இருந்தா. அப்புறம் கேக்குறா, 'அப்பா, போஸ்ட்ல ஏறுறப்ப பீஸ் கட்டையை எங்க வைப்பீங்க'ன்னு.

'சட்டைப்பையில'ன்னேன்.

'கீழ நிக்கிறவரு ரொம்ப வேண்டியவருன்னா அவர்கிட்டக் குடுப்பீங்களா.'

'தெய்வமே வந்து நின்னாலும் குடுக்க மாட்டேன்.'

'அவரு உங்க மேல உயிரையே வச்சிருக்காருன்னா?'

'அப்பவும்தான். உயிரை வச்சிருக்கிறவன்தான் மொதல்ல மறப்பான்'னேன்.

'அதாம்பா'ன்னா. அவ்ளோதான் சொன்னா. சொல்லிட்டு என் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. எனக்கும் கலங்கிருச்சு. பாருங்க தம்பி, எந்த ஊருக்குப் பறந்தாலும் அப்பன் செஞ்ச வேலை மேல அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு மதிப்பு. அன்னிக்கே வாக்கிங் குரூப்புல போட்டேன். அறுபது கும்பிடு.

அதுக்கப்புறம்தான் ஏற்பாடு மாறிச்சு. கம்பெனியில ஓட்டலை மாத்திட்டாங்க. 'எங்கம்மா'ன்னு கேட்டேன். 'கான்வென்ட்ல தங்க வைக்கிறாங்கப்பா, அகதா இல்லம்னு பேரு, கன்னியாஸ்திரீங்க நடத்துறாங்க'ன்னா. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அங்க சிஸ்டர் பெர்னதெத்துன்னு ஒருத்தங்க இருக்காங்க. யாருன்னு நினைக்கிறீங்க, நம்ம எறையூர்க்காரங்க. மணிக்கு விமானத்துல பழக்கமானவங்க. 'பொட்டலம் அனுப்புனா அவங்க பேருக்கு மட்டும் அனுப்புங்க, எம் பேரு, கம்பெனி, நாள், கிழமை எதுவும் வேணாம்'னுட்டா. எழுதாம விட எனக்குக் கை நமநமங்குது. ஆனா பொண்ணு சொல்லிட்டா.

சித்திரையில மருங்கூர் ஆளு ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. வந்து சொல்றாரு, பெரிய இரும்புக் கேட்டாம், ஆள் உயரத்துக்கு நாயி ரெண்டாம், சிஸ்டர் கேட்டு வழியாவே கையை நீட்டி வாங்கிட்டு, 'கடவுள் ஆசீர்வதிப்பார், போயிட்டு வாங்க'ன்னு அனுப்பிட்டாங்களாம். 'எம் பொண்ணைப் பார்த்தீங்களா'ன்னேன். 'அங்க ஏர் ஹோஸ்டஸ் மாதிரி யாரும் இல்லையே, எல்லாரும் வெள்ளை அங்கியில வயசானவங்க'ங்கிறாரு. எவ்வளவு கெட்டியா மறைச்சு வச்சிருக்காங்க பாருங்க.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சேன், போன வாரம் வரைக்கும்.

போன வாரம் மணி அவங்க அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கா. தையலு எனக்குக் காட்டுனா. காலைப் பலகாரம், தட்டுல ரொட்டி, பக்கத்துல நம்ம பருப்புப்பொடி. பொடி போய்ச் சேந்துருச்சுன்னு காட்டுறதுக்கு. நல்ல விஷயம். ஆனா அவளுக்குப் பின்னாடி பார்த்தா நீலமாத் தண்ணி. 'என்னடி இது, கான்வென்ட்ல நீச்சல்குளமா'ன்னேன். தையலு வெடுக்குனு போனை வாங்கி, 'ஞானஸ்நானம் குடுக்கிற தொட்டியா இருக்கும்'னா. 'ஞானஸ்நானத் தொட்டிக்கு எதுக்குடி சறுக்குமரம்'னேன். 'பால் பொங்குது'ன்னு அடுப்படிக்கு ஓடிட்டா. அடுப்புல பாலே இல்ல.

அன்னிக்குப் பூரா யோசிச்சேன் தம்பி. எனக்குப் புரியாதா. கான்வென்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணி வேற ஏதோ ஓட்டல்ல இருக்கா. பொட்டலம் கான்வென்ட்டுக்குப் போயி, சிஸ்டர்கிட்ட இருந்து சத்தமில்லாம அவ கைக்குப் போகுது. எதுக்கு இப்படி ஒரு ஏற்பாடு. எனக்கு எதுக்குச் சொல்லல.

அப்புறம் வெளிச்சமாச்சு. எல்லாம் தையலுக்காகத்தான். அவ வாயி அப்படி. பால்காரன்கிட்டப் பேச ஆரம்பிச்சா பால் தயிராயிடும். எனக்குச் சொன்னா நான் பொண்டாட்டின்னு அவகிட்டச் சொல்லுவேன், அவ தெருவுக்கே சொல்லுவா. அம்மாகிட்ட நேரா சொல்ல மனசு வராம, எங்கிட்டயும் மறைக்கிறா எம் பொண்ணு. புத்திசாலி. பீஸ் கட்டையைத் தன் சட்டைப்பையிலயே போட்டுக்கிட்டா. யாரு குடுத்த புத்தி அது. பாவம் தையலு, அது நெசமாவே ஞானஸ்நானத் தொட்டின்னு நம்பிட்டு இருக்கா. நான் காட்டிக்கல.

என்னம்மா, நீங்க எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க. உங்க வீட்டுக்காரரும் இப்படித்தானா.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, உங்ககிட்ட மட்டும். மனசுக்கு நல்லாத்தான் இல்ல. பெத்த பொண்ணு எந்த ஊர்ல, எந்தத் தெருவுல, எந்தக் கதவுக்குப் பின்னாடி தூங்குதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல. முன்னாடி கண்ணை மூடுனா அந்த ரூம் தெரியும், முந்திரி மரம் தெரியும். இப்ப ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு. லைன்ல நிக்கிறவன் கீழ குனிஞ்சு பார்த்தா ஆளு நிக்கிறது தெரியணும். அவ பார்த்தா நான் நிக்கிறது தெரியுமா.

திண்டிவனம் மேம்பாலம் வந்துருச்சு. இந்தாங்க. இது பொடியும் சிப்ஸும். இது தனியா இருக்கட்டும், புது ஆப்பு. அதே பலா, ஆனா வைரம் பாஞ்ச நடுக்கட்டை, கீறல் விடாது. நான் என்ன அனுப்பட்டும்னு கேட்டப்ப, 'பொடிகூட வேணாம்பா, ஆப்பு மட்டும் குடுத்து விடுங்க'ன்னா. அவளா வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். பாருங்க, மேல ஒண்ணும் எழுதல. 'சிஸ்டர் பெர்னதெத்து, அகதா இல்லம்', அவ்ளோதான்.

இருப்பா கண்டக்டரு, எறங்குறேன், வயசானவன்.

தம்பி, இங்க ஜன்னல் பக்கம் பாருங்க. கேக்குதா. நீங்க அங்க ஒரு வருஷம் இருக்கப் போறீங்க. ஊர் பழகிடும். என்னிக்காவது ஒரு நாள், ஏதோ ஒரு ஓட்டல் வாசல்ல எம் பொண்ணு வேன் ஏறுறதைப் பார்த்தாலும் பார்ப்பீங்க. ஊதா சட்டை, நெத்தியில சின்னதாப் பொட்டு. பார்த்தா எனக்கு ஒரு போன் போடுங்க. எளைச்சிருக்காளா, கை சரியாயிருச்சா, சிரிச்ச முகமா இருக்காளா, எல்லாம் சொல்லுங்க. எந்த ஓட்டல்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிடாதீங்க தம்பி.